ஐந்து இரண்டு ஆறு

1. போர்டிலிருந்து ஸ்டோருக்கு

பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். முதல் பாதி டெலிபோன் ஆபரேட்டர். அடுத்த பாதி ஃபேப்ரிக் ஸ்டோர் இன்சார்ஜ். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு என் பதில், போன் பட்டன். அந்தப் பட்டனை வைத்துத்தான் ஸ்டோரில் பேர் வாங்கினேன். அதே பட்டனை வைத்துத்தான் ஒரு மனுஷனின் வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்தேன். பேர் வாங்கிய கதையைக் கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். மற்றதை இப்போதுதான் எழுதுகிறேன்.

ஆபரேட்டராக இருந்தபோது என் மேஜையில் முப்பது எக்ஸ்டென்ஷன் உள்ள போர்டு இருந்தது. வெளியிலிருந்து வரும் போனை எடுத்து, உரியவருக்குத் தள்ளிவிட வேண்டும். கம்பெனியில் எல்லோருக்கும் நான் போர்டம்மா. பட்டனைப் பார்க்காமலே அழுத்துவேன். ஒவ்வொரு பட்டனிலும் எண்ணோடு பொடியாக இங்கிலீஷ் எழுத்து இருக்கும். 2 என்றால் A, B, C. 3 என்றால் D, E, F. இப்படியே போய் 9-இல் W, X, Y, Z முடியும். 7-க்கும் 9-க்கும் நான்கு எழுத்து, மற்றதற்கு மூன்று. 1, 0 இரண்டிலும் எழுத்தே கிடையாது. போன் வராத நேரத்தில் தெரிந்தவர்கள் பேரையெல்லாம் எண்ணாக மாற்றிப் பார்ப்பேன். ராஜாமணி என்ற என் பேர் 72526264. இது ஒரு காலத்தில் எனக்குச் சோறு போடும் என்று நினைத்துச் செய்ததில்லை, பொழுது போக வேண்டுமே.

ஆளுக்கொரு செல்போன் வந்தது. போர்டைக் கழற்றிவிட்டு, எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தவும் என்று தானாகப் பேசும் பெட்டியை மாட்டினார்கள். அந்தப் பெட்டியில் ஒரு பெண் என்னைவிட இனிமையாகப் பேசினாள். நமக்கு வேலை போய்விட்டது என்று டிபன் பாக்ஸையும் முருகன் படத்தையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏனுங்க அம்முணி, படத்தையெல்லாம் கழட்டிட்டீங்களாமா? ஃபேப்ரிக் ஸ்டோருல நோட்டுப் போட ஆள் இல்லீங்க. ஊட்டுக்குப் போயி என்ன பண்ணப் போறீங்க, அங்க வந்து உக்காருங்க."

முருகன் படம் ஸ்டோருக்கு வந்தது.

2. சுவரில் எழுதிய விதி

ஸ்டோர் வேலை இதுதான். நிட்டிங் முடிந்த துணி டையிங்குக்குப் போய், சாயம் ஏறி, ரோல் ரோலாகத் திரும்பி வரும். எந்த ஆர்டருக்கு எந்த ரோல் என்று பிரித்து ரேக்கில் அடுக்கி, கட்டிங்குக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பையர் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் மூன்று இங்கிலீஷ் எழுத்தில் ஓர் அடையாளம், அதாவது கோடு, கொடுப்பார். ரோலில் கட்டும் அட்டையில் அந்தக் கோடு இருக்கும். லாரியிலிருந்து இறக்குவதற்குள் பாதி அட்டை பிய்ந்து போகும். அதனால் துணியின் ஓரத்திலேயே மார்க்கரால் எழுதச் சொல்வோம்.

எழுதுகிறவர்களும் தூக்குகிறவர்களும் ஒடிசா, பீகார், தேனி என்று பல ஊர்க்காரர்கள். இங்கிலீஷ் எழுத்து பாதிப் பேருக்குத் தெரியாது. பார்த்துப் பார்த்துப் படம் வரைவது போல வரைந்து அனுப்புவார்கள். ஒரு தடவை வந்த எழுத்தை நானும் கட்டிங் மாஸ்டர் ஜமால் பாயும் ரோலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் டையிங்குக்கே போன் போட்டுக் கேட்டோம்.

அந்த டையிங் நம்பரை அழுத்தும்போதுதான் எனக்கு யோசனை வந்தது. எழுத்து தெரியாதவர்களுக்கும் எண் தெரியும். ஆளுக்கொரு போன் சட்டைப்பையில் இருக்கிறது. கோடு எழுத்துகளை அப்படியே போன் பட்டன் எண்ணாக மாற்றிவிட்டால் என்ன? புது ஆர்டர் வந்ததும் நான் அந்த எழுத்துகளைப் பார்த்து மூன்று இலக்க எண் போட்டு டையிங்குக்கு அனுப்புவேன். அங்கே அந்த எண்ணை எழுதுவார்கள். தலைகீழாகப் பார்த்தால் 6 எது 9 எது என்று தெரியாது என்பதால், அவற்றுக்கு அடிக்கோடு போடச் சொன்னேன்.

ஒரே வாரத்தில் குழப்பம் நின்றது. முதலாளி வெளியாட்களை அழைத்து வந்தால் என்னைக் காட்டி, "எங்க போர்டம்மா கண்டுபிடிச்சதுங்க" என்பார். எனக்குத் தலை கால் புரியவில்லை. சிவப்புப் பெயின்ட் வாங்கி ஸ்டோர் சுவரில் பெரிதாக எழுதினேன்: ஒரே நம்பர், ஒரே ரேக்.

பத்து வருடத்துக்கு மேல் அந்தச் சுவர் பொய் சொல்லவில்லை.

3. பிகாஷ் சொன்னது

பிகாஷ் ஒடிசாக்காரன். ஸ்டோரில் ரோல் தூக்கும் வேலை. முப்பது வயசு இருக்கும். எங்களிடம் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒல்லியான ஆள்தான், ஆனால் இருபத்தைந்து கிலோ ரோலைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே போவான். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. அந்த ஜூன் மாதம்தான் மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து கூட்டி வந்திருந்தான். கம்பெனி குவார்ட்டர்ஸில் ரூம் கிடைத்தது. மகள் பிங்கியை அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தான். பள்ளியில் கொடுத்த புத்தகத்தை மறுநாளே ஸ்டோருக்குக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான்.

"அக்கா, தமிழ் புக்கு. என் பொண்ணு தமிழ் படிப்பா."

பக்கம் பக்கமாகப் புரட்டி அவனே படம் காட்டினான். ஆடு, இலை, ஈ. எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். நேவி கலர் துணி ஒரு லோடு வந்தது. நான் சலானை வைத்துக்கொண்டு போனில் டையிங்காரரிடம் வேறொரு கலருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பிகாஷ் வந்து நின்றான்.

"அக்கா, இந்த ரோலு லேசு இருக்கு. அந்த ரோலு வெயிட்டு."

நான் நிமிரவில்லை. "நம்பர் என்ன?"

"ரெண்டும் அஞ்சு ரெண்டு ஆறு."

"அப்பறம் என்ன கண்ணு? ஒரே நம்பர், ஒரே ரேக். சுவத்தப் பாரு."

"கையில வேற மாதிரி இருக்கு அக்கா."

"சுவத்தப் பாருன்னேன்ல."

சுவரைப் பார்த்தான். பிறகு போய் எல்லா ரோலையும் ஒரே ரேக்கில் அடுக்கினான். ஒவ்வொரு தடவை சாயம் ஏற்றும்போதும் ஒரு லாட் நம்பர் போடுவார்கள்; சலானில் அப்படி இரண்டு லாட் நம்பர் இருந்ததை நானும் பார்த்தேன். ஒரே ஸ்டைலுக்கு இரண்டு லாட் வருவது சகஜம் என்று டிக் அடித்தேன்.

4. கட்டிங் டேபிள்

நாலாம் நாள் காலை, ஜமால் பாய் ஆள் அனுப்பாமல் தானே வந்தார். சாதாரணமாக அவர் டேபிளை விட்டு நகரமாட்டார்.

"ராஜாமணிம்மா, ஆம்பளைங்க டி-ஷர்ட்டுக்கு நூத்தியெண்பது ஜிஎஸ்எம் துணி கேட்டேன். வெட்டுனதுல பாதி நூத்தியறுபதா இருக்கு. என்ன குடுத்து விட்டீங்க?"

ஜிஎஸ்எம் என்பது துணியின் கனம். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று பார்ப்பது. அந்த ஆர்டரின் கோடு LAM. அதே பையர், அதே நேவி கலரில், பெண்கள் டி-ஷர்ட்டும் கேட்டிருந்தார். அது KBN, நூற்றறுபது ஜிஎஸ்எம். இரண்டு துணியும் கலந்துவிட்டது. ஒன்பது ரோல் மெல்லிய துணி ஆண்கள் டி-ஷர்ட்டாக வெட்டப்பட்டுவிட்டது.

புரொடக்‌ஷன் மேனேஜர் தங்கவேல் நல்ல மனுஷன், ஆனால் ஷிப்மென்ட் என்று வந்துவிட்டால் மனுஷனாக இருக்கமாட்டார். என்னையும் பிகாஷையும் கூப்பிட்டார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அவனிடம் போனார்.

"ஆறு வருசமா ரோல் தூக்கறே. நூத்தியறுபதுக்கும் நூத்தியெண்பதுக்கும் கையில வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

பிகாஷ் ஒரு கணம் என் பக்கம் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"தெரியல சார்."

"தெரியாதவன் எதுக்கு ஸ்டோருல நிக்கறே? நாளையில இருந்து வர வேண்டாம். ரூம் சாவிய சாயந்தரம் ஆபீஸ்ல குடுத்துரு." என்னிடம் திரும்பி, "நீங்க இவ்வளவு சுலபமா நம்பர் போட்டுக் குடுத்தும் இப்படிப் பண்றாங்கன்னா என்னம்மா சொல்றது" என்றார்.

அவன் என்னிடம் சொன்னான், நான்தான் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அதைத்தான் இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். பயம்தான் காரணம். அந்த எண்களை எடுத்துவிட்டால் ஸ்டோரில் எனக்கு என்ன இருக்கிறது என்ற பயம்.

5. இருபத்தேழு

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். மூடி வைத்துவிட்டு ஒரு பழைய சலானைத் திருப்பிப் போட்டு எழுதினேன். LAM. L என்றால் 5, A என்றால் 2, M என்றால் 6. அடுத்து KBN. K 5, B 2, N 6. இரண்டும் 526. இரண்டு எண்ணையும் போட்டது நான்தான். மூன்று வார இடைவெளியில், ஆர்டர் ஷீட் வந்ததும் விரல் பழக்கத்தில் போட்டு அனுப்பியிருந்தேன். விரல் போட்டதைத் தலை பார்க்கவில்லை.

ஒரு 526-க்குள் இன்னும் எத்தனை கோடு ஒளிந்திருக்கும் என்று எழுதிப் பார்த்தேன். முதல் இடத்தில் J, K, L மூன்றில் ஒன்று வரலாம். இரண்டாம் இடத்தில் A, B, C. மூன்றாம் இடத்தில் M, N, O. JAM, JAN, JAO என்று ஆரம்பித்து எழுதிக்கொண்டே போனேன். முதலில் இருபத்தைந்து வந்தது. இரண்டை விட்டிருந்தேன். மூன்று பெருக்கல் மூன்று பெருக்கல் மூன்று, இருபத்தேழு. அதில் ஒன்று KBN, ஒன்று LAM. முதல் வரியில் எழுதிய JAM என் பேரின் நடுவிலேயே இருந்தது. 72526264-க்குள் அந்த 526 இத்தனை வருடமாக உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதோடு விடவில்லை. 7-உம் 9-உம் வந்தால் நான்கு எழுத்து. 799 என்று ஒரு எண் போட்டால் அதற்குள் அறுபத்து நான்கு கோடு. மொத்தமாகப் பார்த்தேன். இங்கிலீஷில் இருபத்தாறு எழுத்து. மூன்று எழுத்துக் கோடு இருபத்தாறு பெருக்கல் இருபத்தாறு பெருக்கல் இருபத்தாறு. கால்குலேட்டர் 17,576 என்றது. எழுத்து உள்ள பட்டன் எட்டுதான். எட்டு பெருக்கல் எட்டு பெருக்கல் எட்டு, 512. பதினேழாயிரத்துச் சொச்சம் கோடுகளை ஐந்நூற்றுச் சொச்சம் எண்களுக்குள் அமுக்கிவிட்டு, ஒரே நம்பர் ஒரே ரேக் என்று சுவரில் வேறு எழுதி வைத்திருக்கிறேன். ஒரு சீசனுக்குப் பத்துப் பன்னிரண்டு ஸ்டைல்தான் ஓடும், அவையும் வேறு வேறு கலரில் ஓடும் என்பதால் இத்தனை வருடம் தப்பித்திருக்கிறேன். அது என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிகாஷைத் தேடிப் போனேன். இறக்கு மேடையில் உட்கார்ந்து, தோளில் போடும் துண்டை மடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் சொல்லல? எங்கிட்டச் சொன்னத அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"நான் வேற கம்பெனி போவேன் அக்கா. தூக்கற வேலை எங்கயும் இருக்கு. உங்களுக்கு இந்த வயசுல யாரு வேலை குடுப்பாங்க?"

கிண்டலாகச் சொல்லவில்லை. லாரி எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வது போலத்தான் சொன்னான். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது.

"பிங்கி ஸ்கூலு?"

"போற இடத்துல ஸ்கூல் இருக்கும்" என்று துண்டை மறுபடி பிரித்து மடித்தான். "இங்க டீச்சர் நல்ல டீச்சர்."

அந்த இடத்திலேயே அழுதிருப்பேன். அழுதால் அவன் எனக்குத்தான் ஆறுதல் சொல்வான் என்று தெரிந்ததால் திரும்பி நடந்தேன்.

6. முதலாளி ரூமில்

முதலாளியும் தங்கவேலும் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டினேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. சலான் பேப்பரை மேஜையில் வைத்தேன்.

"தப்பு பிகாஷுதில்லீங்க. என்னுதுங்க."

"என்னங்க அம்முணி?"

"ரெண்டு கோடும் ஒரே நம்பரு ஆகுதுங்க. நான் போட்ட நம்பருதானுங்க. உங்க போன எடுத்துப் பாருங்க."

அவர் போனில் எண் அழுத்தும் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். "K... அஞ்சு. B... ரெண்டு. N... ஆறு." அப்புறம் LAM. அதற்கும் அதே மூன்று எண். கண்ணாடியைக் கழற்றினார். நான் இருபத்தேழையும் காட்டினேன், பதினேழாயிரத்தையும் காட்டினேன். தங்கவேல் பேப்பரை வாங்கிப் பார்த்தார்.

"இருந்தாலுமுங்க, கையில தூக்குறவனுக்கு லேசா இருக்கறது தெரியாதுங்களா?" என்றார்.

"தெரிஞ்சுதுங்க. எங்கிட்ட வந்து சொன்னானுங்க. ரெண்டு தடவ சொன்னான். சுவத்தப் பாருன்னு தொரத்திவுட்டேன். இங்க நின்னப்பக் கூட எனக்காவத்தான் தெரியலன்னு சொல்லீட்டான். அவன அனுப்பறதுன்னா என்னையும் சேத்து அனுப்பீருங்க."

வேலை போனால் போகட்டும் என்று வந்துவிட்டேன் என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். வேலை போய்விடும் என்ற பயம் அப்போதும் இருந்தது. முதலாளி பேப்பரைத் திரும்ப வாங்கி மேஜையில் வைத்தார். பிறகு என்னை விட்டுவிட்டுத் தங்கவேலிடம் கேட்டார்.

"வெட்டுன துணி வீணாங்க?"

"இல்லீங்க. ஆம்பளைங்க பேட்டர்ன் பெருசு. அதையே பொம்பளைங்க சைசுக்கு மறுபடி வெட்டிக்கலாம்னு ஜமால் பாய் சொல்றாருங்க. ரெண்டு நாள் கூட ஆகும்."

"அப்ப ரெண்டு நாள்தான் போச்சு. கரெக்ட்டாச் சொன்ன கையி ஒண்ணுதான் இந்தக் கம்பெனியில இருக்குது, அதைய அனுப்பீட்டு யார வெச்சுக்கறதுங்க?" என்னிடம் திரும்பினார். "அம்முணி, நம்பர் கெடக்கட்டும், அது நல்லதுதான். அந்தச் சுவத்த மொதல்ல மாத்தி எழுதுங்க."

தங்கவேல் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. அன்று சாயந்தரம் பிகாஷ் ஆபீஸில் கொடுத்த சாவியை அவரே எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார். அவன் கையில் வைத்துவிட்டு, "டீ குடிச்சியா?" என்று கேட்டார். அவருக்கு அதுவே அதிகம்.

மூன்று நாள் உட்கார்ந்து எல்லா ரோலையும் தூக்கிப் பார்த்துப் பிரித்தோம். பிகாஷ் தூக்கிச் சொன்னான், நான் ஒரு துண்டு வெட்டி மெஷினில் எடை போட்டேன். ஒன்றில்கூட அவன் தவறவில்லை. நானும் இரண்டு ரோலைத் தூக்கிப் பார்த்தேன். எனக்கு இடுப்பு பிடித்ததுதான் மிச்சம்.

7. இரண்டாவது வரி

அதன் பிறகு புது எண் போடும் முன் ரிஜிஸ்டரைப் பார்க்காமல் போட்டதில்லை. எண் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், பட்டனில் எழுத்தே இல்லாத 1-ஐக் கடைசியில் சேர்ப்பேன். 526 ஒரு துணி, 5261 இன்னொரு துணி. சும்மா கிடந்த 1-க்கு அப்படியாவது ஒரு வேலை கிடைத்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ரிஜிஸ்டரைப் பற்றி அல்ல. நாம் போடும் நம்பர், கோடு, இப்போது ஒட்டுகிற ஸ்டிக்கர் எல்லாம் நம் வசதிக்கு வைத்துக்கொண்டவை. துணியைத் தினமும் தொடுகிறவர் வந்து, கையில் வேற மாதிரி இருக்கிறது என்று சொன்னால் போனை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள். நான் எழுந்து போகவில்லை. பத்தடி தூரம்தான் இருந்தது.

சுவரில் இருந்த சிவப்பு வரியை அழிக்கவில்லை. அதன் கீழே அதே பெயின்டில் இன்னொரு வரி எழுதினேன். அதைப் பிகாஷிடம் சொல்லிக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. அவனும் கேட்கவில்லை. சுவரில் அக்கா ஏதோ எழுதியிருக்கிறாள் என்று இருந்துவிட்டான்.

அடுத்த வருடம் ஆயுத பூஜை. அன்றைக்கு எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள். மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுப்போம். பிகாஷ் மனைவியோடும் பிங்கியோடும் ஸ்டோருக்கு வந்தான். அவள் அப்போது இரண்டாம் வகுப்பு. பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விரலை நீட்டி எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.

"சந்... தே... கம் இருந்... தால், பி... கா... ஷைக் கேட்... கவும்."

படித்துவிட்டு அப்பனிடம் ஒடியாவில் என்னவோ சொன்னாள். அவன் பொரி தின்பதை நிறுத்தினான்.

"அக்கா, என் பேரா? எப்ப எழுதினீங்க?"

"போன வருசம்."

"என்னைக் கேக்கணும்னா எழுதியிருக்கு?"

"ஆமா. சந்தேகம் வந்தா உன்னக் கேக்கோணும்."

பிகாஷ் சுவரைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். கண் நிறைந்திருந்தது.

"ஒரு வருசமா கட்டிங்ல இருந்து எல்லாரும் வந்து எங்கிட்ட கேக்கறாங்க அக்கா. என் தமிழ் நல்லா வந்துருச்சு, அதான் கேக்கறாங்கன்னு நெனச்சேன்."